தந்திக் கிராணியின் தியானம்

1

தியானம் பழகுவதால் உடம்புக்கும் மனதுக்கும் உண்டாகும் நன்மைகளைப் பற்றி மலாய் நாட்டில் இருக்கும் ஒருவர் எழுதினால் நம் வாசகர்கள் ஆவலோடு படிப்பார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கப்பலைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் நன்மைகள் மட்டுமே இருந்தன. திரும்பப் படித்தால் லேகியக்காரன் நோட்டீஸ் போல இருந்தது. போன வாரம் வீட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதற்குப் பிறகுதான் இதை உள்ளபடி எழுதலாம் என்ற தைரியம் வந்தது.

நான் கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் தந்திக் கிராணி. குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். எங்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் கோட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைதான் சுவர். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். வாசலுக்கு எதிரே தண்டவாளம். நானும் என் மனைவி தையல்நாயகியும் மகள் ஜெயமும் பன்னிரண்டு வருஷமாக அந்த வரிசையின் நான்காவது வீட்டில் குடியிருக்கிறோம்.

தியானத்துக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் ஓயாத எரிச்சல். பிடரியில் வலி. ஒரு வாரம் காலை வேலை, ஒரு வாரம் பகல் வேலை என்று மாறி மாறி வருவதால் தூக்கம் கண்ணுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே கோபம். அலுவலகத்தில் துரை ஏசினால் ‘யெஸ் சார்’ என்று சொல்லித்தான் தீரவேண்டும். அங்கே விழுங்கியதையெல்லாம் வீட்டில் வந்து கக்குவேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளியிருக்கிறேன். ஜெயம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பெண் குழந்தை நன்றாகப் படிக்கிறது என்று நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பெருமைப்பட்டேன்.

2

தியானத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவர் சாமியாரும் அல்ல, மடாதிபதியும் அல்ல. அருளப்பர் என்ற கிறிஸ்தவர், என் வயதுக்காரர். கிள்ளானுக்கு வடக்கே மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது, டாக்டர் இல்லாத நாளில் டாக்டராக இருப்பது எல்லாம் டிரெஸ்ஸர் வேலை. ரயிலில் பழக்கமானவர். ஒரு விடுமுறை நாளில் வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்கலாம் என்று அவரிடம் போயிருந்தேன்.

காலை ஏழு மணி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பால்மரத் தொழிலாளிகள் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருளப்பர் அவர்களுக்கு எதிரே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடுகூட அசையவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதபோது மட்டும் கண்ணைத் திறந்து, அதை முதலில் கவனித்து அனுப்பிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து பகல் ஒரு மணி வரை புண்ணும் சீழுமாக வந்தவர்களுக்கெல்லாம் கட்டுப் போட்டார். ஒருவரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எனக்கு மருந்து கொடுக்கும்போது, இது போதாது, நீங்களும் உட்காருங்கள் என்றார். அவர் கர்த்தரை நினைத்து உட்காருகிறார். நான் யாரை நினைப்பது என்று கேட்டேன். உங்கள் வீட்டில் யார் படம் மாட்டியிருக்கிறதோ அவரை நினையுங்கள், அதுவும் முடியாவிட்டால் மூச்சைக் கவனியுங்கள், அது எல்லாருக்கும் பொது என்றார்.

இப்படி ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. மற்றவர்கள் தியானத்தில் உட்கார்ந்தால் சத்தம் தொந்தரவு செய்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் வரவேயில்லை. அதற்குக் காரணம் என் தொழில். தந்தி அறையில் பத்துப் பன்னிரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும். பழகியவனுக்கு அத்தனை இரைச்சலும் காதைத் தொடாமல் போய்விடும். ஒவ்வொரு நிலையத்துக்கும் கூப்பிடும் குறி என்று ஒன்று உண்டு. நம் குறி அடித்தால் மட்டும், பேசிக்கொண்டிருந்தாலும் காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும், கை தானே கருவிக்குப் போகும். நமக்கு வராத தந்தியை நாம் கேட்பதில்லை. இருபது வருஷம் பழகிய இந்தக் காதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரக்கு வண்டி வாசலில் போகும், பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும், என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்கும். மூன்றாவது வாரத்திலேயே இருபது நிமிஷம் அசையாமல் இருந்தேன்.

நன்மைகளைத்தான் கேட்டீர்கள். இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆறு மாதத்தில் வயிற்றெரிச்சல் அடங்கியது. படுத்தால் தூக்கம் வந்தது. பிடரி வலி போன இடம் தெரியவில்லை. சிரம்பான் நிலையத்தில் தந்தி அடிக்கும் நண்பரை நான் முகம் பார்த்ததில்லை. எங்களுக்குள் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிவது அடிக்கும் கையை வைத்துத்தான். அவர் ஒரு நாள் வேலை நடுவில், உங்கள் கை மென்மையாகிவிட்டதே, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அடித்துக் கேட்டார். துரை ஏசினால் அது துரையின் சத்தம் என்று விட்டுவிடப் பழகினேன். தட்டைத் தள்ளுவதும் நின்றது. தையல் அக்கம்பக்கத்தில், அவர் இப்போது வேறு ஆள் என்று சொல்லிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

தலைகால் புரியாத பெருமையில் ஒரு காரியம் செய்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு உடல்நலப் படிவம் வரும். கள் உண்டா, அபின் உண்டா, புகையிலை உண்டா என்று கேட்டுவிட்டு, வேறு பழக்கங்கள் என்று ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். எல்லாரும் அதில் கோடு போடுவார்கள். நான் தியானம் என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருஷமாக, வேலை நேரத்தில் உபயோகிப்பது உண்டா என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். இருபது நிமிஷம், ஒன்றரை வருஷமாக, கிடையாது என்று பதில் எழுதினேன். இதனால் வேலைக்கு ஊறு இல்லை என்று வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்று மறுபடி வந்தது. அந்தக் கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது.

3

இனிமேல் எழுதுவதுதான் நான் கிழித்துப்போட்ட இரண்டு கட்டுரைகளிலும் இல்லாதது.

இரண்டாம் வருஷத்தில் எனக்குத் தியானம் ருசிக்க ஆரம்பித்தது. ருசித்ததும் சட்டம் வந்தது. நான் உட்காரும் முன்னறையின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். அந்த நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. உயிர் போகிற அவசரம் என்றால் கதவைத் தட்டலாம், ஆனால் நான் சொல்லிக் கொடுத்த மாதிரிதான் தட்ட வேண்டும்: முதலில் ஒன்று, கொஞ்சம் நிறுத்தி இரண்டு, மறுபடி நிறுத்தி ஒன்று. மற்ற எந்தத் தட்டலையும் காது தொடாமல் விட்டுவிடுவேன் என்று அறிவித்தேன். ஜெயம் ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொண்டாள். தையல் சிரித்துவிட்டு, கதவுக்கும் தந்தியா என்று கேட்டாள். ஒரு தந்திக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

அந்த வருஷம்தான் தையல் மறுபடி உண்டாகியிருந்தாள். ஜெயத்துக்குப் பதினொரு வயது. இத்தனை வருஷம் கழித்து இன்னொரு குழந்தை. இருவருக்கும் வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. எட்டாம் மாதம். எனக்குப் பகல் வேலை வாரம், மத்தியானம்தான் போகவேண்டும். ஜெயம் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டாள். காலை ஒன்பதரைக்குக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன்.

எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஊரில் அப்படித்தான், கடல் தாண்டி வந்தும் அப்படித்தான். எட்டு வீட்டிலும் ‘ஏங்க’தான். வென்னீர் ஆறுகிறது என்றாலும் ‘ஏங்க’, பாசாருக்குக் காய் வாங்கப் போகவேண்டும் என்றாலும் ‘ஏங்க’. பலகைச் சுவர் வழியாக நாளைக்கு நூறு ‘ஏங்க’ என் காதில் விழும். அதில் முக்கால்வாசி எனக்கு வராத தந்தி.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ‘ஏங்க’ என்று கேட்டது. பிறகு மறுபடி. பிறகு இடைவிட்டு இடைவிட்டுப் பல தடவை. தையல் குளியலறையின் ஈரச் சிமெண்டில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். விழுந்து கிடக்கிறவள் கதவு வரை வந்து எப்படித் தட்டுவாள் என்று சட்டம் போட்டபோது நான் யோசிக்கவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பாக்கியம், ரயில் பெட்டிகளைக் கோக்கிறவரின் மனைவி, துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு ஓடிவந்து முன்னறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். முதல் அடிகளுக்கு நான் எழவில்லை. குறி சரியாக இல்லை. அப்புறம் அவள் போட்ட கூச்சலில்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். இருபது நிமிஷத்தில் மூன்று நிமிஷம்தான் பாக்கி இருந்தது.

4

வாடகை மோட்டாரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தையல் பிழைத்தாள். குழந்தை ஆண். அழவில்லை.

எனக்குக் கேட்கவில்லை என்று பாக்கியத்திடம் சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். வரிசையில் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாவம், தியானத்தில் இருந்திருக்கிறார், ஆழமாகப் போய்விட்டால் காது கேட்காதாம் என்று அவர்களே மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தியானத்தில் பெரிய ஆள் என்று பேர் வந்தது அந்த வாரத்தில்தான்.

உண்மை இது. முதல் தடவையே எனக்குக் கேட்டது. தையல் குரல் என்றும் தெரிந்தது. இரைச்சலில் நம் குறியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டி குரல் தெரியாமல் போகுமா? எழுந்தால் அமைதி கலைந்துவிடும், ஏதாவது சில்லறை விஷயமாக இருக்கும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன். மூன்றாவது நான்காவது தடவை குரல் மாறியதும் தெரிந்தது. அப்போதுகூட, சத்தம் வரட்டும், போகட்டும், நீ மூச்சைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனதைக் கட்டியதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

செய்தி கேட்டு அருளப்பர் கிள்ளான் ரயிலில் வந்தார். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். உடனே போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று கேட்டேன். வைத்தியம் தெரிந்தவர், சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“தெரியாது, கிராணியாரே. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். பிழைச்சிருக்கும்னா உங்களால தாங்க முடியாது. பிழைச்சிருக்காதுன்னா நீங்க தப்பிச்சிடுவீங்க.”

குழந்தையைப் புதைக்க ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். குடும்பத்தில் மரணம் என்று காரணம் போட்டிருந்தேன். குடும்பத்தார் பட்டியலில் அப்படி ஒரு குழந்தையின் பேர் இல்லை, ஆகவே மரணமாகக் கொள்ள முடியாது, சொந்த அலுவல் என்று மாற்றி எழுதவும் என்று திருப்பி அனுப்பினார்கள். மாற்றி எழுதினேன்.

ஜெயம் அப்போதே என்னிடம் ஆங்கிலத்தில்தான் அதிகம் பேசுவாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம். பள்ளிப் பெண்களோடு மெதடிஸ்ட் கோயிலுக்குப் பாடவும் போவாள். அன்றைக்கு மட்டும் தமிழில் கேட்டாள்.

“அப்பா, அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?”

கேட்கவில்லை என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டாள். கணக்கில் சந்தேகம் வந்தால்கூடப் பாக்கியத்தின் புருஷனிடம் போனாள். அவருக்குக் கணக்கு வராது.

5

தையல் வீட்டுக்கு வந்த பிறகு சண்டை போடவில்லை. அழுதுகூட நான் பார்க்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு மாதம் கழித்து, நாகப்பட்டினத்துக்குக் கப்பல் எப்போது என்று கேட்டாள். தன்னையும் ஜெயத்தையும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னாள். எப்போது திரும்பி வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிரயாணத்துக்கான படிவங்களை வாங்கிப் பூர்த்தி செய்தேன். காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று எழுதினேன். இவள் போனால் என்னிடம் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தடுப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

உட்காருவதை நான் தையல் விழுந்த அன்றோடு விட்டிருந்தேன். விட்டால் என்ன ஆகும் என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள விரும்பலாம். போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் தூக்கம் போயிற்று, பிறகு வயிறு, பிறகு பிடரி. சிரம்பான்காரர், இது யார் புது ஆள், பழையவர் மாற்றலாகிவிட்டாரா என்று அடித்துக் கேட்டார். நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பதில் அடிக்கவில்லை. கோபமும் வந்தது, முன்னைவிட ஒரு பங்கு கூடவே வந்தது. ஒரு சாயங்காலம் ஜெயம் கை தவறி என் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டாள். நான் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். தையல் நடுவில் வந்து நின்றாள். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலை ஜெயம் பள்ளிக்குப் போனதும் தையல் முன்னறையில் பாயை விரித்தாள்.

“உக்காருங்க” என்றாள்.

“இனிமே மாட்டேன், தையல். அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் உக்காந்திருந்தேன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“உங்க காது எனக்குத் தெரியாதா? ராத்திரி ஜெயம் இருமுனா என்னைவிட முன்னாடி எந்திரிக்கிற ஆளு நீங்க.” அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். “கேட்கலன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியல.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் பாயைக் காட்டினாள். நீங்கள் இப்படி இருந்தால் அந்தப் பெண் கெட்டுப்போகும், உட்கார்ந்தால்தான் நீங்கள் மனுஷனாக இருக்கிறீர்கள், அதையும் இரண்டு வருஷம் கண்ணால் பார்த்தேன் என்றாள். பிறகு கதவைச் சாத்தப்போன என் கையைத் தடுத்தாள்.

“கதவு திறந்தே இருக்கட்டும். நடுவுல ஒரு தரம் கூப்பிடுவேன்.”

“எதுக்கு?”

“எதுக்கும் இல்ல.”

அப்படியானால் என் பேரைச் சொல்லிக் கூப்பிடு, குழப்பமே வராது என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அது என் வாயில வராது. நான் ‘ஏங்க’ன்னுதான் கூப்பிடுவேன். எட்டு வீட்லயும் ‘ஏங்க’தான். அதுல உங்க வீட்டு ‘ஏங்க’ எதுன்னு நீங்கதான் தெரிஞ்சுக்கணும்.”

அந்தக் கப்பல் போயிற்று. அவள் ஏறவில்லை. அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அதற்கடுத்த கப்பலுக்கும் அதையே சொன்னாள். எங்கள் வேலையில் புதிதாகச் சேர்ந்தவனை முதல் வருஷம் நிரந்தரமாக்கமாட்டார்கள், நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நான் வீட்டில் அப்படி ஏழு வருஷம் இருந்தேன்.

நாள் தவறாமல் கூப்பிட்டாள். சில நாள் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்தில், சில நாள் எழப்போகிற சமயத்தில். குளியலறைப் பக்கமிருந்து ஒரு நாள், அடுப்படியிலிருந்து ஒரு நாள், பாக்கியம் வீட்டு வாசலிலிருந்து ஒரு நாள். ‘இருக்கேன்’ என்று பதில் சொல்லுவேன். வேலை என்று ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். முதல் வருஷம் எனக்கு மனம் மூச்சிலும் நிற்கவில்லை, சாமியிலும் நிற்கவில்லை, எப்போது கூப்பிடப் போகிறாள் என்பதிலேயே மனம் இருந்தது. இது என்ன தியானம் என்று அருளப்பரிடம் சலித்துக்கொண்டேன். உங்களுக்கு ஏற்ற தியானம் இதுதான் போலிருக்கிறது என்றார். போகப்போகப் பழகிவிட்டது. மூச்சு ஒரு பக்கம் போகும், எட்டு வீட்டுச் சத்தமும் ஒரு பக்கம் வந்து போகும், காது மட்டும் திறந்திருக்கும். வயிறு மறுபடி அடங்கியது. சிரம்பான்காரர், பழையவர் வந்துவிட்டார் என்று அடித்தார்.

ஜெயத்துக்கு இப்போது பதினெட்டு வயது. மிஷன் பள்ளியில் ஆசிரியைப் பயிற்சி. கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசை. ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வாளோ என்று தையலுக்குக் கவலை. நான் உட்கார்ந்திருந்தால் சிநேகிதிகளிடம், “அப்பா செய்றது வெறும் மூச்சுப் பயிற்சிதான் லா, எங்க டீச்சரே சொன்னாங்க” என்பாள். நான் மறுக்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் அவளை உட்காரவைத்து, அன்றைக்கு எனக்குக் கேட்டது, உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன். தனக்கும் அப்போதே தெரியும் என்றாள். இந்த வீட்டில் எனக்கு மட்டுமே அது ரகசியமாக இருந்திருக்கிறது. அவள் முழுக்கத் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் இரண்டொரு விஷயம் தமிழில் கேட்கிறாள்.

6

போன வாரம் நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வேலை இல்லை. ஜெயம் பாட்டுக்குப் போயிருந்தாள். வழக்கம்போல் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. கடியாரம் பார்க்காமலே எனக்கு நேரம் தெரியும். அடுத்த வீட்டு ‘ஏங்க’ கேட்டது. கடைசி வீட்டு ‘ஏங்க’ கேட்டது. என் வீட்டுடையது வரவில்லை.

இன்றைக்குக் கடைசியில் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பின்பக்கம் பாத்திரச் சத்தம்கூட இல்லை. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்படியைத் தாண்டி, கதவு நிலையில் முட்டியை இடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன்.

தையல் குளியலறை வாசலில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முட்டியில் ரத்தம் வருகிறது என்று கையால் காட்டினாள். நான் அதைப் பார்க்கவில்லை.

“ஏன் கூப்பிடல?” என்று கேட்டேன்.

“கூப்பிடாட்டியும் வர்றீங்களான்னு பாத்தேன்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அவள் அதைக் கவனிக்காதவள் போல இரண்டு மூன்று கொத்துக்கீரையை உருவி முறத்தில் போட்டாள். பிறகு, இனிமேல் கூப்பிட வேண்டியதில்லை என்று மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் கழித்து, பாதியில் எழுந்து வந்துவிட்டீர்கள், போய் முடித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

நான் போகவில்லை. முறத்தை என் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.